கல்லீரலுக்குப் பரவிவிட்டால் ஆபரேஷனே கிடையாதா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால், ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய கணவருக்கு 51 வயது. சொந்தமாகத் தறி வைத்து ஓட்டுகிறவர். ஒரு வருடத்துக்கு மேலாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம்தான் என்று இவர்களே முடிவு செய்து, பக்கத்து ஊரில் மூலத்துக்கு மருந்து தருகிற ஒருவரிடம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். மருந்து சாப்பிட்டால் நாலு நாள் நிற்கும், அப்புறம் மறுபடி வரும். உடம்பு இளைத்து, வேட்டி இடுப்பில் நிற்காத நிலை வந்த பிறகுதான் கொலோனாஸ்கோபி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்திருக்கிறார்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியில், இடது பக்கம், ஒரு கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலில் நான்கு கட்டிகள் தெரிந்திருக்கின்றன: வலது பக்கம் மூன்று, இடது பக்கம் சின்னதாக ஒன்று. பெரியது 4 சென்டிமீட்டர். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற, புற்றுநோயைக் கண்காணிக்க உதவும் புரதத்தின் அளவு 86.

முதலில் பார்த்த மருத்துவர், "நாலாம் ஸ்டேஜ், கல்லீரலுக்குப் போய்விட்டது, ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை, கீமோ கொடுத்துப் பார்க்கலாம், மற்றபடி ஆசைப்பட்டதைச் செய்துகொடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூரில் பார்த்த இன்னொருவர், "மூன்று மாதம் கீமோ கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் பார்ப்போம், சுருங்கினால் குடலையும் கல்லீரலையும் கட்டம் கட்டமாக ஆபரேஷன் செய்யலாம்" என்கிறார். கொழுந்தனாரோ, கத்தி பட்டால் உடம்பு முழுக்கப் பரவிவிடும், ஒரு மண்டலம் நாட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்கிறார். கல்லீரலை வெட்டினால் ஆள் பிழைப்பாரா, என்னுடையதில் பாதியைக் கொடுத்தால் ஆகுமா, தோட்டத்தை விற்றுவிடலாமா, அவரிடம் குடல்புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம், அப்படியே இருக்கட்டுமா? இவைதான் இந்தச் சகோதரியின் கேள்விகள்.

சகோதரி, முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கிற விவரங்களை வைத்துப் பார்த்தால் கோயம்புத்தூர் மருத்துவர் சொன்ன வழிதான் சரியான வழி. நான் ஸ்கேன் படத்தைப் பார்க்கவில்லை, அதனால் ஆபரேஷன் நிச்சயம் நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கல்லீரல் அறுவையில் பழகிய ஒருவர் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் "ஆபரேஷன் கிடையாது" என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. முதலில் பார்த்த மருத்துவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் அவர் அந்தப் படத்தை ஒரு கல்லீரல் சர்ஜனுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

நாலாம் ஸ்டேஜ் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது

நாலாம் ஸ்டேஜ் என்றால் நோய் தொடங்கிய இடத்தைவிட்டு வேறொரு உறுப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். இரைப்பைப் புற்று, கணையப் புற்று போன்றவை கல்லீரலுக்குப் பரவினால் பெரும்பாலும் அறுவைக்கு வழி இருக்காது. அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பழகியதால் ஊரிலும் சரி, சில சமயம் ஆஸ்பத்திரியிலும் சரி, எல்லா நாலாம் ஸ்டேஜையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பெருங்குடல் புற்று அப்படி இல்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. ஊர் வாய்க்கால்களெல்லாம் ஒரே ஏரியில் போய் விழுகிற மாதிரி, குடலின் ரத்தம் முழுக்க போர்ட்டல் சிரை என்ற ஒரு பெரிய குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது. குடல் கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் அங்கே மாட்டிக்கொண்டு அங்கேயே முளைக்கின்றன. அதனால் பலருக்கு, உங்கள் கணவருக்கு இப்போது இருப்பதுபோல, குடலையும் கல்லீரலையும் தவிர வேறெங்கும் நோய் இருக்காது. அந்தக் கட்டத்தில் இரண்டு இடத்திலும் இருப்பதை மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தால் குணமாவதற்கே வாய்ப்பு இருக்கிறது.

இது அபூர்வமான நிலைமையும் இல்லை. பெருங்குடல் புற்றோடு வருகிறவர்களில் நாலில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு, கண்டுபிடிக்கும்போதே கல்லீரலில் பரவியிருக்கிறது. மூலம் என்று நினைத்து ஒரு வருடத்தைப் போக்கிவிட்டோமே என்று நீங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். மூலத்திலும் ரத்தம்தான் வரும், படித்தவர்கள் வீட்டிலும் இதே தவறான முடிவுதான் எடுக்கிறார்கள். அந்தப் பழியை இப்போது சுமந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பீர்கள். கல்லீரல் கட்டிகளை முழுதாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 50 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள், நிறையச் செய்கிற பெரிய மையங்களின் கணக்கு இது. பத்து ஆண்டு தாண்டி, குணமாகிவிட்டார் என்று தைரியமாகச் சொல்லக்கூடியவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர். கீமோ மட்டும் கொடுத்தால் பொதுவாக இரண்டு, இரண்டரை ஆண்டு என்ற அளவில்தான் பேச முடிகிறது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: அறுவை செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் மறுபடி தலைகாட்டுகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள், கல்லீரலிலோ நுரையீரலிலோ. அப்படி வந்தாலும் சிலருக்கு மறுபடி அறுவை செய்ய முடிகிறது. ஆனால் ஒரு ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பில் இறங்காதீர்கள். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ., ஸ்கேன் என்று வருடக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும்.

எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சுகிறது

முன்பெல்லாம் நாலு கட்டி வந்துவிட்டால் தொடக்கூடாது என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு எப்போதோ கைவிடப்பட்டது. இப்போது சர்ஜன் பார்ப்பது வேறு: எல்லாக் கட்டிகளையும் எடுத்த பிறகு நல்ல கல்லீரல் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுகிற பகுதிக்கு ரத்தம் உள்ளே வரவும் வெளியே போகவும் பித்தம் வடியவும் வழி இருக்குமா என்பதுதான். கல்லீரல் ஒரே உறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரத்தக்குழாய், தனிப் பித்தநாளம். 1957-ல் குய்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வரைந்து காட்டிய இந்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றைக்கும் கல்லீரல் அறுவை நடக்கிறது. ஒரு பிரிவை எடுத்தால் பக்கத்துப் பிரிவு பாதிக்கப்படாமல் வேலை செய்யும்.

கல்லீரலை வெட்டினால் பிழைப்பாரா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. ஆரோக்கியமான கல்லீரலில் கால் பங்கு மிஞ்சினாலே போதும், ஆள் தாங்கிவிடுவார். மிஞ்சியது சில வாரங்களிலேயே வளர ஆரம்பித்து, சில மாதத்தில் கிட்டத்தட்டப் பழைய அளவை எட்டிவிடும். நீண்ட நாள் கீமோ வாங்கிய கல்லீரல் என்றால் 30 சதவீதமாவது வேண்டும், சுருங்கிப்போன, அதாவது சிரோசிஸ் வந்த கல்லீரல் என்றால் 40 சதவீதம் வேண்டும். கணவர் குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவராக இருந்தால் அதை மறைக்காமல் சர்ஜனிடம் சொல்லுங்கள், இன்றோடு நிறுத்தவும் சொல்லுங்கள். இந்தக் கணக்கில் அது பெரிய விஷயம்.

உங்கள் கணவருக்கு வலது பக்கம் மூன்று, இடது பக்கம் ஒன்று. வலது பக்கக் கட்டிகள் மேலோட்டமாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள கொஞ்சம் கல்லீரலோடு சேர்த்துத் தனித்தனியாகவே எடுத்துவிடலாம், வலது பாதி முழுக்கப் போகவேண்டியதில்லை. ஆழத்தில், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தால்தான் வலது பாதியை எடுக்க வேண்டிவரும். அப்போது "கட்டம் கட்டமாக" என்பது வருகிறது: முதலில் இடது பக்கச் சின்னக் கட்டியை எடுத்து அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்வார்கள், குடல் கட்டியையும் அப்போதே எடுத்துவிடுவது உண்டு. அப்புறம் வலது பாதிக்குப் போகிற போர்ட்டல் சிரைக் கிளையை, வயிற்றைக் கிழிக்காமல், ஊசி வழியாக அடைத்துவிடுவார்கள். அந்த ரத்தமெல்லாம் இடது பக்கம் திரும்பி, நாலு முதல் ஆறு வாரத்தில் இடது பாதி பெருத்துக்கொள்ளும். போதுமான அளவு வளர்ந்துவிட்டதா என்று ஸ்கேனில் அளந்து பார்த்துவிட்டு வலது பாதியை எடுப்பார்கள். 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டியை ஊசி செலுத்தி மைக்ரோவேவ் சூட்டில் சுட்டு அழிக்கும் முறையும் இருக்கிறது. ஆழத்தில் கிடக்கிற ஒரு சின்னக் கட்டிக்காக நிறையக் கல்லீரலை இழக்காமல் இருக்க அது நன்றாக உதவுகிறது.

ஆகவே அடுத்த முறை போகும்போது "காப்பாற்ற முடியுமா டாக்டர்" என்பதோடு நிறுத்தாமல், எல்லாக் கட்டியையும் எடுத்தால் எத்தனை சதவீதம் கல்லீரல் மிஞ்சும், அதை அளந்துவிட்டீர்களா, இங்கே வருடத்துக்கு எத்தனை கல்லீரல் ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, நல்ல சர்ஜன் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

கீமோ ஏன் முதலில்

குடல் கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு கீமோ கொடுப்பது உங்களுக்குப் பயமாக இருக்கிறது. குடல் அடைத்துக்கொள்ளாமல், ரத்தம் கொட்டாமல் இருக்கிறவரை அதில் தவறில்லை. இப்போது உயிரோடு விளையாடுவது கல்லீரலில் இருப்பதுதான். முதலில் குடல் ஆபரேஷன் செய்து, அதில் ஏதாவது சிக்கல் வந்து, தையல் கசிந்து இரண்டு மாதம் படுத்துவிட்டால் அந்த இரண்டு மாதமும் கல்லீரல் கட்டிகளுக்கு மருந்தே போகாது. கீமோவை முதலில் கொடுத்தால் கட்டிகள் சுருங்கலாம், வெட்டவேண்டிய அளவு குறையும். இன்னொன்று, மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே புதுக் கட்டி முளைத்தால், அந்த நோய்க்குக் கத்தி வைத்து லாபமில்லை என்பது பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

ஆனால் கீமோவை அறுவைக்கு மாற்றாக நினைத்துவிடாதீர்கள். 2008-ல் வெளிவந்த ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில், எடுக்கக்கூடிய கல்லீரல் கட்டி உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் என்று கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவது தள்ளிப்போனது, ஆனால் அறுவை மட்டும் செய்தவர்களைவிட மொத்த ஆயுள் கூடியது என்று நிரூபிக்க முடியவில்லை. வேலையின் பெரும்பங்கைச் செய்வது அறுவைதான். அதனால் இரண்டு மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்து, எடுக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டால் "நன்றாகக் கேட்கிறதே, இன்னும் ஆறு சைக்கிள் போடலாம்" என்று இழுக்கக்கூடாது. ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து அதிகமானால் கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடும், இரினோடெகான் என்ற இன்னொரு கீமோ மருந்து அதிகமானால் கல்லீரலில் கொழுப்பும் வீக்கமும் சேரும். அறுவையன்று அந்தக் கல்லீரல் அதிகம் ரத்தம் விடும், தேறவும் நாளாகும்.

இதைவிட முக்கியமாக ஒன்று. சில பேருக்கு கீமோவில் சின்னக் கட்டி ஸ்கேனிலிருந்தே மறைந்துவிடும். வீட்டில் பொங்கல் வைக்காத குறையாகச் சந்தோஷப்பட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் படத்தில் மறைந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் உயிருள்ள புற்று செல்கள் ஒளிந்திருக்கின்றன. 2006-ல் பிரான்சில் பார்த்த கணக்கில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். மறைந்த கட்டி எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் சர்ஜன் எதை எடுப்பார்? ஆகவே முதல் கீமோ ஊசி போடுவதற்கு முன்பே, கல்லீரலுக்கென்றே உள்ள மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் சி.டி. மட்டும்தான் இருக்கிறது. கூடவே, குடலில் எடுத்த அதே பயாப்சித் துண்டில் ராஸ், பி-ராஃப், எம்.எம்.ஆர். என்ற மரபணு தொடர்பான பரிசோதனைகள் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ராஸ் மாற்றம் இல்லாத, இடது பக்கக் குடலில் தொடங்கிய கட்டி என்றால் செட்டுக்ஸிமாப் போன்ற மருந்தைச் சேர்த்தால் கட்டி நன்றாகச் சுருங்க வாய்ப்புண்டு. எம்.எம்.ஆர். குறைபாடு, அதாவது செல் தன் மரபணுப் பிழையைத் திருத்திக்கொள்ளும் திறன் குறைந்திருப்பது, நூற்றில் நாலைந்து பேருக்குத்தான் இருக்கும், ஆனால் இருந்தால் கீமோவைவிட உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி பிரமாதமாக வேலை செய்யும், சிகிச்சையின் பாதையே மாறிவிடும். அந்தக் குறைபாடு பரம்பரையாகவும் வரக்கூடியது, அப்படி இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு இருபது வயதுகளிலேயே கொலோனாஸ்கோபி தொடங்கவேண்டியிருக்கும்; இல்லாவிட்டால் 40 வயதில் தொடங்கினால் போதும். 44 வயதான உங்கள் கொழுந்தனார் இப்போதே ஒருமுறை கொலோனாஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். கூடப்பிறந்த அண்ணனுக்கு வந்திருக்கிறது, அவர் காத்திருக்கக்கூடாது. இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆபரேஷன் அன்று

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்பதால் சொல்கிறேன். வலது விலா எலும்புக்குக் கீழே பெரிய வெட்டு. திறந்ததும் முதலில் கையால் தடவிப் பார்ப்போம், அப்புறம் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியைக் கல்லீரல் மேலேயே வைத்து இஞ்ச் இஞ்சாகத் தேடுவோம். ஸ்கேனில் தெரியாத புள்ளி சில சமயம் அங்கே தெரியும், திட்டம் அங்கேயே மாறும். வெட்டும்போது ரத்தம் அதிகம் போகாமல் இருக்க, கல்லீரலுக்குள் வரும் குழாய்களை ஒரு பட்டை போட்டு இறுக்கி, 15 நிமிடம் வேலை செய்வோம், 5 நிமிடம் தளர்த்திக் கல்லீரல் மூச்சுவிடக் காத்திருப்போம், மறுபடி 15 நிமிடம். இது 1908-ல் கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்ற சர்ஜன் சொல்லிக்கொடுத்த முறை. மிருதுவான கல்லீரல் திசுவை அதிர்வுக் கருவி கரைத்து எடுக்க, உள்ளே நூல்நூலாக ரத்தக்குழாயும் பித்தநாளமும் மட்டும் நிற்கும்; ஒவ்வொன்றாகக் கட்டியும் கிளிப் போட்டும் பிரிப்போம். முடிவில் வெட்டிய பரப்பில் வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்ப்போம். மஞ்சள் கறை பட்டால் எங்கோ பித்தம் கசிகிறது, தேடித் தையல் போட வேண்டும்.

அப்படியும் சிலருக்குப் பிறகு பித்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், மிஞ்சிய கல்லீரல் திணறிக் கண் மஞ்சளாகலாம். இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிற இடங்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர்வரை உயிரிழக்கிறார்கள். பாதி கல்லீரலையே எடுக்கும்போது அது இன்னும் கொஞ்சம் கூடும். எப்போதாவது ஒன்று செய்கிற இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, அதனால்தான் வருடத்துக்கு எத்தனை என்று கேட்கச் சொன்னேன். சிக்கல் இல்லாவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். குடலை ஒட்டியது ஆறும்வரை சிலருக்குத் தற்காலிகமாக மலம் சேர வயிற்றில் பை வைப்பார்கள், முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கத்தியும் நாட்டு மருந்தும், உங்கள் கல்லீரலும்

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எப்படி வந்தது என்று புரிகிறது. ஒரு காலத்தில் ஸ்கேன் வசதி இல்லாமல் வயிற்றைத் திறந்து, எடுக்க முடியாது என்று தெரிந்து அப்படியே மூடுவார்கள். ஆள் சில மாதத்தில் போய்விடுவார், பழி கத்தி மேல் விழும். நோய் அதற்கு முன்பே பரவியிருந்தது. கொழுந்தனார் பேச்சில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்: எடுக்கக்கூடிய கல்லீரல் கட்டியில் தேவையில்லாமல் ஊசி குத்தி பயாப்சி எடுத்தால் ஊசி போன வழியில் செல்கள் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. குடல் பயாப்சியிலேயே நோய் உறுதியாகிவிட்டதால் உங்கள் கணவருக்கு அது தேவைப்படாது, யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஒரு மண்டலம் நாட்டு மருந்து என்றால் 48 நாள். இன்றைக்கு எடுக்கக்கூடிய நிலையில் இருப்பது அந்த 48 நாளில் கைமீறலாம். கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னும் ஆபத்து. என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத மருந்தையும் கீமோவையும் ஒரே கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்தக் கல்லீரல். பெரியவர்கள் மனம் நோகாமல், "சிகிச்சை முடியட்டும்" என்று தள்ளிவையுங்கள்.

உங்கள் கல்லீரலில் பாதியைத் தர முன்வந்திருக்கிறீர்கள். சட்டப்படி மனைவி கொடுக்கலாம், 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன் மனைவியை நெருங்கிய உறவாகத்தான் வைத்திருக்கிறது. பெருங்குடல் புற்று பரவிய கல்லீரலுக்கு மாற்று அறுவை செய்வதிலும் சமீபத்தில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது: 2024-ல் லான்செட் இதழில் வந்த டிரான்ஸ்மெட் ஆய்வில், கீமோவோடு மாற்று அறுவையும் செய்தவர்களில் நூற்றுக்கு 57 பேர் ஐந்து ஆண்டு இருந்தார்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் 13 பேர். ஆனால் அது எந்த வழியிலும் வெட்டி எடுக்கவே முடியாத, கல்லீரலைத் தவிர வேறெங்கும் நோய் இல்லாத, கீமோவுக்கு மாதக்கணக்கில் நன்றாகக் கட்டுப்பட்ட, சலித்துச் சலித்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். உங்கள் கணவருக்கு அவருடைய கல்லீரலை வைத்தே வழி இருக்கிறது. கல்லீரல் தருகிறவருக்கும் உயிராபத்து குறைவுதானே தவிர இல்லாமல் இல்லை, பிறகு வாழ்நாள் முழுக்க உங்கள் கணவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை. இப்போது இந்தப் பேச்சை எடுக்க வேண்டியதில்லை.

தோட்டம், காகிதம், அவரிடம் சொல்வது

தோட்டத்தை இப்போது விற்காதீர்கள். அவசரத்தில் விற்றால் பாதி விலைதான் கிடைக்கும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். இந்தச் சிகிச்சையில் எது எது அதில் வரும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ்காந்தி அரசு மருத்துவமனைகளில் குடல், கல்லீரல் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையமும் வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன. இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி தரப்பில் கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-லிருந்து மருத்துவர்களுக்கான விதி.

தோட்டம் அவர் பெயரில் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு விற்பதானாலும் அடமானம் வைப்பதானாலும் கையெழுத்துப் போடப்போவது அவர். கல்லீரல் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். சுயநினைவோடு இருக்கிற பெரியவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் அறுவை செய்யக்கூடாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குடல்புண் என்று நம்பிக்கொண்டிருப்பவர் எதற்குச் சம்மதிப்பார்? கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் ஒரே மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அதற்கு முன் உங்கள் வாயால் அவருக்குத் தெரியட்டும். நீங்களாகத் தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் மருத்துவர் அறையில், நீங்களும் மகனும் பக்கத்தில் இருக்க, "குடலில் கட்டி, புற்றுநோய்தான், கல்லீரலிலும் இருக்கிறது, எடுப்பதற்கு வழி இருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். வழி இருக்கிறது என்பதும் அதே பேச்சில் வந்துவிட வேண்டும். எத்தனை நாள், எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அவர் கேட்டால் போதும். இத்தனை வருடம் தறி ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கியவர், நீங்கள் நினைப்பதைவிடத் தாங்குவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கீமோ நாட்களில் வீட்டில்

ஆக்ஸாலிப்ளாட்டின் போட்ட சில நாட்களுக்குக் குளிர்ந்தது எது பட்டாலும் விரலும் தொண்டையும் ஷாக் அடிப்பதுபோல் கூசும். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள், காலையில் சில்லென்ற எவர்சில்வர் சொம்பைத் தொடுவதுகூட வேண்டாம். பத்தியம் என்று எதையும் நிறுத்தாதீர்கள். முட்டை, மீன், பருப்பு என்று தெம்பு தருவதாக, புதிதாகச் சமைத்துக் கொடுங்கள். தினமும் கொஞ்சம் நடக்கட்டும், பீடி சிகரெட் இருந்தால் விடட்டும், அறுவைக்குப் பிறகு நுரையீரல் தேற அது உதவும்.

இரண்டு விஷயத்துக்கு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கீமோவில் வெள்ளை அணு குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். அதுபோல வயிறு உப்பி, வலித்து, காற்றும் மலமும் போகாமல் வாந்தி வந்தால் குடல் கட்டி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், வீட்டில் எனிமா, விளக்கெண்ணெய் என்று எதுவும் கொடுக்காமல் உடனே கூட்டிப்போங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், கோயம்புத்தூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவு எண்ணை உங்கள் போனிலும் மகன் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு ரிப்போர்ட்டோடு மறுபடி எழுதுங்கள்.